நில அளவைப் பாடத்துக்கு அனுமதி

என் வாப்பாவின் தம்பியை, சின்ன வாப்பாவை, மண்வெட்டியால் வெட்டிக் கொன்ற மனிதர், எங்கள் பள்ளிவாசலில் அவரோடு ஒரே வரிசையில் நின்று தொழுகிறவர். எழுபதுகள் முடிகிற நேரம் அது. நாவிதன்வெளிப் பக்கம் இருவருக்கும் அடுத்தடுத்து வயல். வாய்க்கால் தண்ணீர் அவருடைய வயலைக் கடந்துதான் எங்களுடையதுக்கு வர வேண்டும். அந்தச் சிறுபோகத்தில் தண்ணீர் எங்கள் வரம்புவரை வந்து நின்றுவிட்டது. அவர் இரகசியமாக மதகை அடைக்கிறார் என்று சின்ன வாப்பா சொன்னார். தான் எதையும் தொடவில்லை என்று அவர் பள்ளியில் வைத்துச் சத்தியம் செய்தார். ஊரில் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். விடுமுறைக்கு வந்திருந்தேன். வயலுக்குச் சோறு கொண்டுபோன பகலில், சின்ன வாப்பா மதகுப் பலகையைக் குனிந்து பிடுங்கியதையும் பிடரியில் மண்வெட்டி விழுந்ததையும் ஒன்றாகப் பார்த்தேன். ஓடிப்போய் அவரைத் தூக்கினேன். உயிர் அப்போதே போய்விட்டது. வெட்டியவர் சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். வாய்க்காலில் இரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. சிவந்த தண்ணீர் எங்கள் வயலுக்கு வரவில்லை. திரும்பி அவருடைய வயலுக்குள் போனது. பலகை பிடுங்கிக் கிடந்தது; வேறு அடைப்பு எதுவும் இல்லை. எங்கள் பக்கம் வாய்க்காலின் அடி மேடாக இருந்தது, அவ்வளவுதான்.

தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்று வழக்கில் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவர் சிறைக்குப் போனார். யாராவது ஒருவர் அந்த வாய்க்காலை அளந்து பார்த்திருந்தால் ஒரு காலைப்பொழுதில் விஷயம் தெரிந்திருக்கும். அளக்கத் தெரிந்தவர் எங்கள் பகுதியில் இல்லை. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

சில வருடங்கள் கழித்து, எங்கள் மாகாணத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த சிறிய பல்கலைக்கழகத்தில் விவசாய விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அங்கேதான் தம்பிலுவில் ஊர்த் தமிழரான அவரைச் சந்தித்தேன்; நான் அண்ணன் என்றே கூப்பிடுவேன். நீர்ப்பாசனத் துறையில் பொறியியலாளராக இருந்து, கொழும்பு வேலையை விட்டு ஊர்ப்பக்கம் படிப்பிக்க வந்தவர். என்னைவிட மூத்தவர். கரிய, உயர்ந்த ஆள். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும். சின்ன வாப்பாவின் கதையை அவரிடம் சொன்னபோது அனுதாபமாக ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்கால் எவ்வளவு நீளம், மதகிலிருந்து எங்கள் வரம்பு எவ்வளவு தூரம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னை நாவிதன்வெளிக்கு இழுத்துக்கொண்டு போனார். அளந்து முடித்து, "ஒரு சாண் மேடு, தம்பி. ஒரு சாணுக்காக ஒரு ஆள் மண்ணுக்கயும் ஒரு ஆள் மறியல்லயும்," என்றார்.

நாங்கள் புதிய பட்டப்படிப்பொன்றை எழுதத் தொடங்கியது அதன் பிறகுதான். நெல்லும் நீர்ப்பாசனமும் சேர்ந்த ஒரு கற்கைநெறி. எங்கள் பிள்ளைகள் மலைநாட்டுக்குப் போய்த் தேயிலையைப் பற்றிப் படித்துவிட்டு வந்து நெல் வயலில் முழித்துக்கொண்டு நின்ற காலம் அது. ஒவ்வொரு பாடத்துக்கும் நோக்கம், மணித்தியாலம், செய்முறை, பரீட்சை என்று எழுதித் தட்டச்சில் அடித்து, ரோனியோ பிரதி எடுத்து, பீடச் சபைக்குக் கொண்டுபோனோம். நடுவில் நில அளவைப் பாடம் இருந்தது. மாணவர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாகப் போய் மட்டம் பார்க்க வேண்டும் என்பது அதன் செய்முறை.

சபையில் ஒரு மூத்தவர், இது பட்டப்படிப்பா ஓவசியர் வேலைக்குப் பயிற்சியா என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. ஓவசியர் வேலை தெரியாத பட்டதாரிகள்தான் வயலுக்குத் தண்ணீர் வராமல் ஆக்கியவர்கள் என்றார் அண்ணன், தாழ்ந்த குரலில். சிரிப்பு நின்றது. திருத்து, திரும்பக் கொண்டுவா என்றார்கள். திருத்திக் கொண்டுபோனோம். பீடச் சபை ஏற்று, அதற்கு மேலே மூதவையும் ஏற்று, கடைசி அனுமதிக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். எல்லாச் சபைகளுக்கும் தப்பிய பிறகுதான் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எங்கள் பாடத்தை வாசிக்கத் தொடங்கினார்கள்.

முதலில் படையினர். கருவியை முக்காலியில் பூட்டி வாய்க்கால் கட்டில் வைத்து, நாங்கள் இருவரும் செய்முறைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதையில் போன ஜீப் நின்றது. தூரத்திலிருந்து பார்க்க அது பீரங்கி போலத் தெரிந்திருக்க வேண்டும். எங்களைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். என் அடையாள அட்டையில் முஸ்லிம் பெயரைப் பார்த்து என்னை எழும்பச் சொன்னார்கள். அண்ணனைச் சப்பாத்துக் காலால் உதைத்தபடியே ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் விரிவுரையாளர் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். துப்பாக்கியின் பின்புறத்தால் என் நெஞ்சில் இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

முகாமிலிருந்து அவர் திரும்பி வந்தபோது ஒரு காதில் பஞ்சு இருந்தது. வடக்கு எது, தெற்கு எது, யாருக்காகப் படம் கீறுகிறாய் என்று கேட்டுக் கேட்டு அந்தக் காதிலேயே அடித்திருக்கிறார்கள். செவிப்பறை கிழிந்துவிட்டது. கருவி திரும்பி வரவேயில்லை.

அடுத்து ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கப் பொடியன்மார். பட்டப்பகலில் தம்பிலுவில்லில் அவருடைய வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் நிலத்தை அளக்க உனக்கு யார் அனுமதி தந்தது, குடியேற்றத்துக்குக் காணி பிரிக்கத்தான் அரசாங்கம் இந்தப் பாடத்தைக் கொண்டுவருகிறது, வரைபடங்களை எடு என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும் ஒருவன் கைத்துப்பாக்கியை அவர் வாய்க்குள் வைத்திருக்கிறான். மனைவி அவன் காலைப் பிடித்துக் கதறியிருக்கிறார். பாடத்தை எடுத்துவிடு, இல்லாவிட்டால் திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் விரிவுரையாளர் அறையில் தேநீரோடு இருந்து இதைச் சொன்னார். "முகாமில காது போச்சு. இவங்க வாய்க்க வச்சாங்க. இனி மூக்குக்கு ஆர் வரப்போறானோ தெரியாது," என்றார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அந்தப் பாடத்தை மட்டும் இப்போதைக்கு எடுத்துவிடுவோம், நிலைமை சரியானதும் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"எடுத்த பாடம் திரும்பி வராது, தம்பி. சபையில இருக்கிற ஆக்கள நீங்களும் பாத்தீங்கதானே. ஒருக்கா எடுத்தா, ஏன் எடுத்த எண்டு ஆருக்கும் ஞாபகம் இருக்காது. பட்டம் மட்டும் இருக்கும்."

பாடம் இருந்த இடத்திலேயே இருந்தது.

கொழும்பிலிருந்து பதில் வந்தது. எங்கள் கற்கைநெறியை ஆராய்ந்து சிபாரிசு செய்ய மலைநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார், ஆய்வுகூடமும் செய்முறை வயலும் பார்ப்பார் என்று எழுதியிருந்தார்கள். அவர் வரவிருந்த வாரம் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பாதையில் ஒரு பாலத்தைத் தகர்த்துவிட்டார்கள். அதனால் கல்முனைக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் வகுப்பறை எடுத்து அங்கே கூடுவதென்று முடிவாயிற்று. கூட்டம் முடிய நாவிதன்வெளிக்குப் போய் வயல் பார்ப்பதாக ஏற்பாடு.

பேராசிரியர் அம்பாறையிலிருந்து அரசாங்க ஜீப்பில் காலையிலேயே வந்துவிட்டார். சிங்களவர், ஓய்வுபெறும் வயது, மெலிந்த உடம்பு, வெள்ளைக் காற்சட்டை. எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசினார். எங்கள் பிரதியின் ஓரமெல்லாம் பென்சிலால் கேள்வி எழுதிவைத்திருந்தார். அண்ணன் தம்பிலுவில்லிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தார். என் மனைவி அனுப்பிய இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு மூவரும் உட்கார்ந்தோம்.

நல்ல கேள்விகள். மண்ணியலுக்கு ஆய்வுகூடம் எங்கே, நூலகத்தில் என்ன இருக்கிறது, முதல் பிரிவுக்குப் படிப்பிக்க ஆட்கள் போதுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாங்கள் பதில் சொல்லச் சொல்ல அவர் அடையாளம் போட்டுக்கொண்டு போனார். இல்லாததை இல்லை என்றே சொன்னோம். அது அவருக்குப் பிடித்திருந்தது. நில அளவைப் பாடம் இருந்த பக்கத்துக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரத்தில்தான் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கத்தத் தொடங்கியது.

அதிகாலையில் பசளை போட வயலுக்குப் போன எங்கள் ஊர் ஆட்களை இயக்கப் பொடியன்மார் மறித்து, வரம்பில் வரிசையாக நிற்கவைத்துச் சுட்டிருக்கிறார்கள். சுடப்பட்டவர்களின் மையித்துகள் உழவு மெசின் பெட்டியில் ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. மெசினை ஓட்டிக்கொண்டு வந்தவர் என் மனைவியின் காக்கா, அவளுடைய மூத்த சகோதரர்; எனக்கு மச்சான். பக்கத்து வயல் வேலையில் இருந்தவர் சத்தம் கேட்டு ஓடிப்போய், இறந்தவர்களைத் தானே தூக்கி ஏற்றியிருக்கிறார். அதில் ஒருவர் அவரோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்த கூட்டாளி.

கடைகளை இழுத்துப் பூட்டும் சத்தம் தெரு நீளத்துக்குக் கேட்டது. யாரோ ஓடுகிறார்கள். பெண்கள் குழறுகிறார்கள். நான் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். சந்தியில் ஒரு சைக்கிள் எரிந்துகொண்டிருந்தது. மீன் விற்க வந்த தமிழர் ஒருவருடைய சைக்கிள் என்று பிறகு தெரிந்தது. அவர் கடற்கரைப் பக்கம் ஓடி, அங்கே அடித்துக் கொல்லப்பட்டார். பள்ளிக்கூடத்திலும் ஒரு தமிழன் இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரியாத முகம் ஒன்றுகூட இல்லை. எனக்கு முடி வெட்டுகிறவர், என் உம்மாவுக்கு மருந்து தருகிறவர், என்னோடு ஓதியவர்கள். கையில் பொல்லு, அலவாங்கு, கத்தி. அண்ணனை வாசலோரத்து மேசைக்குப் பின்னால் தள்ளிவிட்டு வாசலில் நின்று மறித்தேன். என்னோடு வேலை செய்கிறவர், ஒன்றும் அறியாதவர் என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. பேராசிரியர் எழுந்து நின்று சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஒரு கல் வந்து என் வாயில் பட்டது. முன்பற்கள் நாக்கில் உதிர்ந்தன.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மச்சான் வந்தார். சேட்டு முழுக்க இரத்தம். அவருடையது அல்ல. கையில் காட்டுக்கத்தி இருந்தது.

"விலகுங்க, மச்சான்."

"இவர உங்களுக்குத் தெரியும்," என்றேன். வாயில் இரத்தம் நிறைந்து வார்த்தை குழறியது. "நம்மட வீட்டுல உங்களோட இரிந்து சாப்பிட்டவர்."

"தெரியும்," என்றார்.

உண்மைதான். போன பெருநாளுக்கு அண்ணனைப் பக்கத்தில் இருத்திவைத்து வட்டிலாப்ப இனிப்பை வெட்டி வெட்டிப் போட்டவர் இவர்தான். என்னை ஒரு கையால் தள்ளினார். நான் கதவு நிலையில் மோதி விழுந்தேன். அண்ணன் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினார். கத்தி அந்தக் கையில் இறங்கியது. சுட்டுவிரலும் நடுவிரலும் மேசையில் விழுந்தன. பேராசிரியரின் பென்சிலுக்குப் பக்கத்தில் கிடந்தன. இரத்தம் பாடங்கள் மேலெல்லாம் ஓடியது.

இரண்டாம் வெட்டு விழவில்லை. மச்சான் மேசையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். கத்தி கையிலேயே இருந்தது. பின்னால் நின்றவர்கள் அவரைத் தள்ளினார்கள், உள்ளே விடு என்று கத்தினார்கள். அவர் அசையவில்லை. பெரிய உடம்பு, ஒடுக்கமான கதவு. அவரைத் தாண்டி ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. ஜீப் சாரதி பின்பக்கத்து ஜன்னலருகே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். பேராசிரியர் அந்த வயதில் ஜன்னலேறிக் குதித்தார். நானும் அவரும் அண்ணனைத் தூக்கி ஜீப்பில் போட்டோம். ஜீப் வேலியை உடைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கியது.

கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் ஊர் முடிந்து தமிழ் ஆட்கள் இருக்கும் பகுதி தொடங்கும் இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே டயர் எரிந்தது. அங்கேயும் ஒரு கூட்டம், அதே பொல்லும் கத்தியும். ஜீப்பைச் சுற்றி வளைத்தார்கள். என் தொப்பியைக் கண்டுவிட்டார்கள். கதவைத் திறந்து என் காலைப் பிடித்து இழுத்தார்கள். பாதி உடம்பு வெளியே போய்விட்டது. ஒரு பொல்லு என் தோளில் இறங்கியது. சரி, முடிந்தது என்று நினைத்துக் கலிமா சொன்னேன்.

அண்ணன் சால்வை சுற்றிய கையைத் தூக்கிக்கொண்டு என் மேலே விழுந்தார். அவருடைய இரத்தம் என் முகத்தில் வடிந்தது.

"இவன் என்ட தம்பி. அடிக்கிறதெண்டா என்ன அடிச்சிப்போட்டு அடிங்க."

அவரைத் தெரிந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார், அண்ணனின் ஊர்ப்பக்கம் ஆலையடிவேம்பில் பெண் எடுத்தவர். படிப்பிக்கிற சேரை விடுங்கடா என்று கத்திக்கொண்டு மற்றவர்களை இழுத்தார். சாரதி டயருக்கு மேலாலேயே வண்டியை விட்டான்.

ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே விறாந்தையில் கிடந்தார்கள். விறைப்பு ஊசி போதாது என்றார்கள். அண்ணனின் கையைத் தைக்கும்போது நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் பல்லைக் கடித்தபடி முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் எதிரே வாங்கில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் காற்சட்டை முழங்கால்வரை சிவந்திருந்தது.

தையல் முடிந்ததும் அண்ணன் அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நில அளவைப் பாடத்துக்கு வந்ததும் பென்சிலை வைத்துவிட்டீர்கள், என்ன கேட்க இருந்தீர்கள்? இதைப் பேசும் நேரமில்லை என்றார் பேராசிரியர். அண்ணன் விடவில்லை. அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்க இருந்ததாக அவர் ஒத்துக்கொண்டார். இந்தப் பகுதியில் இளைஞர்களுக்கு நிலம் அளக்கப் பழக்குவதைப் பாதுகாப்புப் பக்கத்தில் விரும்பவில்லை என்று கொழும்பில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பாடங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, இதொன்றை விட்டால் அனுமதி நிச்சயம் என்றார்.

அண்ணன் நெடுநேரம் பேசினார். வலியில் இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கினார். நாவிதன்வெளி வாய்க்காலைச் சொன்னார், அந்த ஒரு சாண் மேட்டைச் சொன்னார். என்னைக் காட்டி, இவருடைய சிறிய தகப்பன் அங்கேதான் செத்தார், கொன்றவரும் இவர் ஊரார்தான் என்றார். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அளந்து காட்ட ஆளில்லாத இடத்தில் அடுத்தவன்தான் மறித்தான் என்று எல்லோரும் நம்புவார்கள், அடுத்தவன் வேறு சாதி சமயம் என்றால் கேட்கவே வேண்டாம் என்றார். பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். இந்தப் பாடத்துக்காக நீங்கள் இன்னும் எதை இழக்கப்போகிறீர்கள் என்று கடைசியில் கேட்டார். விரல்களை இழந்தது பாடத்துக்காக அல்ல என்றார் அண்ணன். "பாடம் இல்லாட்டியும் இண்டைக்கு என்ன வெட்டித்தான் இருப்பாங்க," என்று தமிழில் என்னிடம் சொன்னார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். புறப்படும்போது பேராசிரியர் அண்ணனின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பொலிஸ் விசாரணைக்கு வந்தது. வெட்டியவரைத் தெரியுமா என்று கேட்டார்கள். அண்ணன், தான் கண்ணை மூடிக்கொண்டதால் ஆளைக் காணவில்லை என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் மனைவிக்காகச் சொன்னார் என்று இன்றுவரை நினைக்கிறேன். மனைவி தன் காக்காவுடன் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அவர் வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒருநாள் மச்சான் என்னிடம் வந்து வளவில் நின்றார். மெலிந்துபோயிருந்தார்.

"முகத்தப் பாத்துத்தான் வெட்டின, மச்சான். ஆரோ எண்டு நினச்சி வெட்டல்ல. அதுதான் நித்திர வருகிதில்ல."

நான் இரும் என்றும் சொல்லவில்லை, போம் என்றும் சொல்லவில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார். நான் அவரை உயிரோடு கண்டது அதுதான் கடைசி. அறுவடை முடிந்து களவெட்டியில் நெற்கதிரைச் சூடு அடித்துக்கொண்டிருந்தபோது இயக்கம் வந்து சுட்டது. வைக்கோலுக்குள் ஓடிய கூலியாட்களையும் வைக்கோலோடு சேர்த்து எரித்தார்கள். மச்சானைச் சேட்டுத் துண்டையும் இடுப்புப் பட்டியையும் வைத்துத்தான் அடையாளம் கண்டோம்.

மையித்து அடக்கிய இரண்டாம் நாள் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கரைப்பற்றுக்கு இப்பால் பஸ் ஓடவில்லை. ஒரு முஸ்லிம் வியாபாரியின் லொறியில், நெல் மூடைகளுக்கு நடுவே ஒளிந்து வந்திருந்தார். பந்தலுக்குள் இருந்த ஆண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். கையில் விரல் இல்லாததைப் பார்த்தார்கள். யார் வெட்டியது என்று அங்கே தெரியாதவர் இல்லை. ஒருவர் எழுந்தார், இன்னும் இருவர் எழுந்தார்கள். அடிக்கத்தான் எழுந்தார்கள் என்று நினைத்தேன். கதிரை கொடுத்தார்கள்.

என் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். அவ்வளவு நாளும் அவள் அழவில்லை.

"எங்கட காக்காட முகத்தையும் நாங்க காணல்ல, அண்ணன்," என்றாள்.

"தெரியும் புள்ள. அதுதான் வந்த," என்றார்.

அவள் அங்கேயே உட்கார்ந்து குழறி அழுதாள்.

அனுமதி வந்தபோது ஒருவருக்கும் கொண்டாட மனமில்லை. கற்கைநெறியை ஏற்றிருந்தார்கள். நில அளவை என்ற பாடத்தைத் தேடிப் பார்த்தோம், இல்லை. அண்ணனின் முகம் இருண்டது. பிறகு பாடங்களை ஒவ்வொன்றாக வாசித்தபோதுதான் 'வயல் நீரோட்டம்' என்ற பெயரில் அது முழுதாக இருப்பதைக் கண்டோம். செய்முறையிலோ மணித்தியாலத்திலோ ஒரு வரியும் வெட்டப்படவில்லை. பெயரை மாற்றியது பேராசிரியரின் வேலை. முகாமிலும் காட்டிலும் யாராவது வாசித்தாலும் தண்ணீரைப் பற்றிய பாடம் என்றுதான் நினைப்பார்கள். அண்ணன் சிரித்தார். செவிடான காதை என் பக்கம் வைத்துக்கொண்டு சிரித்ததால், நான் சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

முதல் பிரிவு மாணவர்களை வாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வேறு கருவி இரவல் வாங்கியிருந்தோம். அதன் சிறு திருகுகளை அண்ணனால் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு மாணவியை நிறுத்தி, வலம், இடம், கொஞ்சம், போதும் என்று சொல்லிச் சொல்லித் திருகவைத்தார். படையினர் மூன்றுமுறை மறித்தார்கள். ஒருமுறை எல்லோரையும் வெயிலில் முழங்காலில் நிற்கவைத்தார்கள். ஒரு மாணவனை அடித்து விலா எலும்பை முறித்தார்கள். அனுமதிப் பத்திரத்தைக் காட்டினால் வயல் நீரோட்டம் என்று எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அடுத்த கிழமை சில பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களை வைத்துக்கொண்டு அளந்தோம்.

எண்பதுகள் முடியும்போது அந்தக் கற்கைநெறியை மறுபடி ஆராய வேண்டும் என்று மேலிடம் கேட்டது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், இடையில் விலகியவர்கள் விலகிய காரணம் என்ன என்று எழுத வேண்டும். காரணத்தை அண்ணன் இடது கையால் எழுதினார். ஒருவர் தகப்பனோடு கடையில் வைத்துச் சுடப்பட்டார். ஒருவர் இயக்கத்துக்குப் போய் இறந்தார். ஒருவர் சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. ஒருவர் வீடு எரிந்தபின் தாயோடு ஊர் விட்டார். பீடச் சபையில் இதை வாசித்ததும், 'தனிப்பட்ட காரணங்கள்' என்று மாற்றினால் நல்லது என்று ஒருவர் சொன்னார். பலர் தலையாட்டினார்கள்.

அண்ணனின் குரல் தாழ்ந்தது. இதில் எது தனிப்பட்டது என்று கேட்டார்.

அவர் எழுதியபடியே அது மேலே போயிற்று. கற்கைநெறியைத் தொடரலாம் என்று பதில் வந்தது.